துணிமேல் ஒரு சொட்டுத் தண்ணீர்

போன வாரம் என் காரை எடுத்துக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்கு வந்திருந்தபோது, புதிதாகச் சேர்ந்த உங்களில் நாலைந்து பேர் என்னைச் சுற்றிக்கொண்டு ஒரு கேள்வி கேட்டீர்கள். எந்தத் துணியாக இருந்தாலும், பெல்ட் ஓடும் சக்கரமான புல்லியைத் துடைக்கும் முன் அதை விரித்து, அதன்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்க்க வேண்டும் என்று இங்கே ஒரு சட்டம் இருக்கிறதே, அது எதற்கு என்று. உங்களில் ஒருவர் அதற்குத் ‘தீர்த்த பூஜை’ என்று பெயரே வைத்துவிட்டார். நான் பதில் சொல்லாமல் சிரித்துவிட்டுப் போய்விட்டேன். சொல்லத் தெரியாமல் இல்லை. சொல்ல ஆரம்பித்தால் என் மானம் கொஞ்சம் போகும், அதை நின்ற இடத்தில் நாலு வார்த்தையில் விட்டுவிட மனம் வரவில்லை. உட்கார்ந்து முழுதாகவே எழுதிவிடுகிறேன்.

நான் முப்பத்து நாலு வருடம் ஸ்பேனர் பிடித்தவன். கடைசிப் பதினொரு வருடம் இதே ஒர்க்‌ஷாப்பில் ஃபோர்மேன். என் பேச்சில் எப்போதும் ஒரு வாசகம் வந்துகொண்டே இருக்கும்: சுத்தம் சோறு போடும். பெல்ட் மாற்றும் இடத்துச் சுவரில் அதைப் பெரிதாக எழுதியே வைத்திருந்தேன். ஒரு பாகத்தைக் கழற்றினால் துடை, மாட்டும் முன் இன்னொரு தரம் துடை, மாட்டிய பிறகு உன் கையைத் துடை. இதைத் தினமும் கேட்டுக் கேட்டுப் பையன்களுக்குக் காது புளித்துப் போயிருக்கும். இந்தக் கதையில் நான் கவிழ்ந்து விழுந்ததே அந்த வாசகத்தில் இடறித்தான்.

நல்லூரில் சரோஜினி அக்கா என்று ஒருவர். முப்பது மெஷின் போட்டுக் கைக்குழந்தைகளுக்கான பனியன் தைக்கும் யூனிட் வைத்திருக்கிறார். அறுபதைத் தாண்டியவர். டிரைவர் வைத்துக்கொள்ளாமல் தானே ஓட்டுவார். வெள்ளை நிற டீசல் ஹைப்ரிட் கார். நரைத்த தலையோடு நிற்கிற என்னைத் ‘தம்பி’ என்று கூப்பிட இந்த ஊரில் அவர் ஒருவர்தான் மிச்சம், அதனாலேயே எனக்கு அவர்மேல் தனிப் பிரியம்.

ஹைப்ரிட் என்றதும் பெரிய பேட்டரி, தனி மோட்டார் என்று கற்பனை செய்துகொள்ளாதீர்கள். சாதாரண காரில் இன்ஜினோடு ஓடும் பெல்ட்டுக்குப் பேட்டரியைச் சார்ஜ் செய்ய வைக்கிற வேலை மட்டும்தான். இந்த வண்டியில் அதற்கு இரட்டை வேலை. சிக்னலில் வண்டி நின்றால் இன்ஜின் தானாக அணைந்துவிடும். பச்சை விழுந்து கிளட்ச்சை மிதித்ததும், ஒரு சின்ன மோட்டார் அந்த பெல்ட்டைப் பிடித்து இழுத்துத்தான் இன்ஜினைத் திரும்ப உசுப்பும். திருப்பூரில் ஒரு நாளைக்கு எத்தனை இடத்தில் நிற்கிறோம் என்று நான் சொல்லத் தேவையில்லை. பெல்ட் கொஞ்சம் வழுக்கினாலும் இந்த வண்டி காட்டிக் கொடுத்துவிடும்.

அக்காவின் வண்டியில் கம்பெனியோடு வந்த பெல்ட் நன்றாக உழைத்து, வயதாகித் தேய்ந்தது. மாற்றினோம். மாற்றியவன் ரங்கன். கைவேகம் உள்ளவன், ஆனால் துடைப்பது என்றாலே அவனுக்குக் கசக்கும். கையைக் கூடப் பேன்ட்டில்தான் துடைப்பான். நான் முறைத்தேன் என்பதற்காகப் புல்லியின்மேல் துணியை ஒரு இழுப்பு இழுத்துவிட்டு மாட்டினான். இரண்டு மாதம் கழித்து அக்கா வந்தார். சிக்னலில் கிளம்பும்போது கீச்சென்று கத்துகிறது என்றார். திறந்து பார்த்தால் பெல்ட்டின் உட்புறம் கண்ணாடி போல் பளபளத்து, ஓரம் நைந்து கிடந்தது.

“ரங்கன் வேல அப்படித்தானுங்க. இந்தத் தடவ நானே மாட்டித் தர்றேன்” என்றேன்.

“ஃபோர்மேன் கையாலயா? அப்ப என்ற பேரனுக்கும் இதே பெல்ட்டுத்தான்” என்று சிரித்தார் அக்கா.

நானே மாட்டினேன். பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரைப் புதிதாகப் போட்டேன். புல்லிகள் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றனவா என்று அளந்தேன். ஒவ்வொரு புல்லியையும் பத்துத் தடவை துடைத்தேன். ஐந்தாவது வாரம் அக்கா மறுபடி வந்து நின்றார். நல்லூர் நிறுத்தத்தில் இரண்டு பஸ்ஸுக்கு நடுவில் வண்டி கத்திக்கொண்டு நின்றுவிட்டதாம். அவர் கோபப்படவில்லை. “என்ற பேரன் வரைக்கும் பெல்ட்டு தாங்காது போல தம்பி” என்று மட்டும் சொன்னார். கோபப்பட்டிருந்தால் எனக்கு அன்றிரவு தூக்கம் வந்திருக்கும்.

மூன்றாவது பெல்ட்டை எஸ்தரிடம் கொடுத்தேன். உங்களுக்கு இன்று ஃபோர்மேனாக இருக்கும் அதே எஸ்தர்தான். அன்று அவருக்கு முப்பது வயது. சேவூர்ப் பக்கம் விவசாயக் குடும்பம். ஆறு வருடம் ஒரு பனியன் கம்பெனியில் தையல் மெஷின் மெக்கானிக்காக இருந்துவிட்டு, ஐடிஐ முடித்து இங்கே வந்தவர். பெண் என்பதால் முன்னறையில் உட்கார வைத்து, வண்டிக் குறைகளைக் குறிக்கும் ஜாப் கார்டு எழுதச் சொன்னார்கள். நான்தான் மல்லுக்கட்டி அவரை வேலைத் தளத்துக்கு இழுத்து வந்தேன். ஒரு வருடம் சோதனைக் காலம், அதன்பிறகு நிரந்தரம் என்று பேச்சு. அந்த வருடம் முடிய இரண்டே வாரம் இருந்தது.

என் கண்முன்னால்தான் அவர் அந்த பெல்ட்டை மாட்டினார். அப்படி ஒரு வேலையை நான் பார்த்ததில்லை. புல்லியில் ஆறு பள்ளம் ஓடும். ஸ்க்ரூடிரைவர் முனையில் துணியைச் சுற்றி, ஒவ்வொரு பள்ளமாக அடிவரை துடைத்தார். “இதுக்குப் பேருதான் வேலை” என்று ரங்கன் காதில் விழும்படி சொன்னேன். ஒன்பதாவது நாள் பெல்ட் கழன்று போய் வண்டி கயிறு கட்டி இழுத்து வரப்பட்டது.

அது ஒரு வெள்ளிக்கிழமை. எஸ்தர் என்னிடம் வந்தார்.

“சார், நான் என்னங்க தப்புப் பண்ணினேன்? சொன்னீங்கன்னா திருத்திக்கறனுங்க.”

எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லவும் வாய் வரவில்லை. “பார்க்கலாம் கண்ணு” என்று சொல்லி அனுப்பினேன். ஃபோர்மேன்கள் பதில் தெரியாதபோது சொல்லும் சொல் அது, குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

மேனேஜர் என்னை உள்ளே கூப்பிட்டார். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், கெட்ட மனிதர் இல்லை, ஆனால் தலைமை அலுவலகத்திலிருந்து போன் வந்தால் எழுந்து நின்று பேசுகிறவர்.

“ஒரே வண்டி மூணு தடவ திரும்பி வந்திருக்கு சார். நாளைக்கு அஞ்சு மணிக்குள்ள காரணம் எழுதி அனுப்பணும். அந்தப் பிள்ள மாட்டுனது ஒம்பது நாளுதான நின்னுச்சு? ஒங்களுது அஞ்சு வாரம் நின்னுச்சுல்லா? அப்போ மாட்டுனதுல தப்புன்னு எழுதி ஒரு கையெழுத்துப் போட்ருங்க. பிள்ளைய வேலைய விட்டா அனுப்பப் போறோம்? பழையபடி முன்ரூம்ல உக்காரட்டும்.”

அவர் சொன்ன கணக்கு நேர்மையான கணக்கு போலவே இருந்தது. இரண்டு மாதம், ஐந்து வாரம், ஒன்பது நாள். ரங்கன், நான், எஸ்தர். எதைப் பார்த்தாலும் குறை கடைசிக் கையில்தான் என்று தோன்றும். மறுநாள் சனிக்கிழமை மூன்று மணிக்கு நான் என் மேஜையில் உட்கார்ந்து, படிவத்தில் ‘பொருத்தியதில் தவறு’ என்று எழுதினேன். மறைக்காமல் சொல்கிறேன், எழுதினேன். வயது இருக்கிறது, இன்னொரு வருடம் கழித்துத் தளத்துக்கு வரட்டும் என்று மனதுக்குள் எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன். கையெழுத்து மட்டும் பாக்கி.

அப்போது டீ வந்தது. பேனாவை எடுக்கக் கை நீட்டியவன் கிளாஸைத் தட்டிவிட்டேன். டீ மேஜை முழுக்க ஓடிப் படிவத்தை நோக்கி வந்தது. பக்கத்தில் கிடந்த வெள்ளைத் துணியை எடுத்து அமுக்கினேன்.

அந்தத் துணியைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. இந்த ஊரில் எண்ணெய்க் கையைத் துடைக்கப் பணம் கொடுத்துத் துணி வாங்குகிற ஒர்க்‌ஷாப் கிடையாது. எங்கும் பனியன் வேஸ்ட்தான். வாடிக்கையாளர்களில் பாதிப்பேர் கம்பெனிக்காரர்கள். வரும்போது கட்டிங்கில் விழுந்த துண்டுகளை ஒரு மூட்டை போட்டுக்கொண்டு வருவார்கள். ஊர் மரியாதை அது. சரோஜினி அக்காவும் வண்டியை வேலைக்கு விடும்போதெல்லாம் ஒரு மூட்டை கொண்டுவருவார். மற்றவர்கள் தருவது கலர் கலராக, நூல் பிரிந்து கிடக்கும். அக்காவுடையது கைக்குழந்தைத் துணி. வெள்ளை வெளேரென்று, கன்னத்தில் வைத்துக்கொள்ளலாம் போல மெத்தென்று இருக்கும். நான் அதைத் தனியாக எடுத்துவைத்து, அவர் வண்டிக்கும் நுணுக்கமான வேலைக்கும் மட்டும்தான் தொடவிடுவேன்.

அந்த ராஜா வீட்டுத் துணி டீயைக் குடிக்கவில்லை. அமுக்கிய இடத்தில் டீ நழுவி ஓரத்தால் ஓடியது. இன்னொரு துண்டை எடுத்துப் போட்டேன். அதன்மேல் டீ முத்து முத்தாக உருண்டு நின்றது. படிவம் நனைந்தேவிட்டது.

வாசலில் நம் பெயிண்டர் நின்றுகொண்டிருந்தார். ஒர்க்‌ஷாப்பில் என்னைவிட மூத்தவர், பெயரைச் சொன்னால் கோபித்துக்கொள்வார், பெயிண்டர் என்றே இருக்கட்டும். ஒடுக்கு எடுத்து பெயிண்ட் அடிக்கும் பகுதியை விட்டு வெளியே வராதவர். நான் அந்த வெள்ளைத் துணியை ஆசையாகக் கொடுத்து அனுப்பினால் திருப்பி அனுப்பிவிடுவார். திமிர் பிடித்த மனுஷன் என்று நாலு வருடமாக நினைத்திருந்தேன்.

“அதுல போயித் தொடைக்கறீங்களே. அது எங்க குடிக்கும்?” என்றார்.

“ஏனுங்க, துணிதானுங்க இது?”

“துணிதான். அதுல தொடச்ச எடத்துல பெயிண்டு நிக்காதுங்க. அடிச்சா மீன் கண்ணாட்டம் குழி குழியா ஒதுங்கிக்கும். அதுக்குத்தான் நான் அத ரூமுக்குள்ளயே உடறதில்ல.”

“அத ஏன் எங்கிட்டச் சொல்லல?”

“நீங்க எப்பங்க கேட்டீங்க? சுத்தம் சோறு போடும்னு சொல்லிட்டே போயிருவீங்க.”

அவர் போய்விட்டார். நான் நனைந்த படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பெயிண்ட் நிற்காத இடத்தில் பெல்ட் நிற்குமா? ரங்கன் ஒரு இழுப்புத் துடைத்தான், இரண்டு மாதம். நான் பத்துத் தடவை துடைத்தேன், ஐந்து வாரம். எஸ்தர் பள்ளம் பள்ளமாகத் துடைத்தார், ஒன்பது நாள். வேலை சுத்தமாக ஆக ஆக பெல்ட்டின் ஆயுள் குறைந்திருக்கிறது. அந்தப் பெண் செய்த ஒரே தவறு, என் பேச்சை எல்லாரையும்விட ஒழுங்காகக் கேட்டதுதான். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்களே, இரண்டையும் என் மேஜையிலேயே வைத்துக்கொண்டு நான் பழியை மட்டும் அடுத்த அறைக்கு அனுப்பப் பார்த்திருக்கிறேன். எனக்கு வெட்கமாக இருந்தது. கூடவே, சிரிப்பும் அடக்க முடியாமல் வந்தது.

எஸ்தரைக் கூப்பிட்டுத் துணியைக் கையில் கொடுத்தேன். “பனியன் கம்பெனில இருந்தீங்களே, இதுல என்னங்க போடுவாங்க?”

அவர் விரல் நுனியில் தேய்த்துப் பார்த்தார். “சிலிக்கான் சாஃப்ட்னருங்க. கொழந்தைக்குன்னா வழவழன்னு இருக்கோணும்னு கொஞ்சம் தூக்கலாவே போடுவாங்க. அதனாலதானுங்க தண்ணி…” என்று சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்தினார். துணியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு சுவரில் எழுதியிருந்த வாசகத்தைப் பார்த்தார்.

“சார், நான் ஒவ்வொரு பள்ளமா தொடச்சேனுங்களே.”

“ஆமாங்க. நான்தான் தொடைக்கச் சொன்னேன்.”

உடனே ஓடிப்போய் நான் ஸ்பேனரை எடுத்தேன். புல்லியில் ஏறியிருக்கும் வழுவழுப்பைக் கரைப்பானால் கழுவி, சாதாரணத் துணியால் துடைத்து, புது பெல்ட்டை நானே மாட்டிவிட வேண்டும் என்பது என் அவசரம். எஸ்தர் என் முன்னால் வந்து நின்றுகொண்டார். அதற்குமுன் அவர் என்னை மறித்ததே இல்லை.

“நீங்க மாட்டி நின்னுச்சுன்னா, ஃபோர்மேன் கைன்னு சொல்லிருவாங்க சார். என்ற கையி ஆகாத கையாவே இருந்துரும். நானே மாட்டறனுங்க.”

அவர் சொன்னது சரி. முப்பத்து நாலு வருட அனுபவத்துக்கு அது தோன்றவில்லை. ஸ்பேனரைக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றேன். உங்களுக்கும் ஒருநாள் கீழே ஆள் இருப்பார்கள், அன்றைக்கு இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் பேரைக் காப்பாற்ற வேண்டுமென்றால் சில நேரம் நாம் நம் கையைக் கட்டிக்கொள்ள வேண்டியிருக்கும்.

அவர் கழற்றிக்கொண்டிருக்கும்போதே ஆட்டோ ஒன்று வந்து நின்றது. சரோஜினி அக்கா இறங்கினார். தன் வண்டி என்ன ஆயிற்று என்று பார்க்க வந்திருக்கிறார். ஆட்டோக்காரர் பின்னாலேயே ஒரு மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தார். வெள்ளை வெளேரென்று, வழக்கத்தைவிடப் பெரிய மூட்டை.

“நம்ம வண்டிக்கு இத்தன சிரமப்படறீங்க, வெறுங்கையோட எப்படி வாரது? பையனுக ஆளுக்கு ரெண்டு கை அள்ளிக்குங்க” என்றார்.

ரங்கன் வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டான். இவ்வளவு பிரியமாகக் கொண்டுவந்தவரிடம் உங்கள் துணிதான் உங்கள் வண்டிக்கு எமன் என்று எப்படிச் சொல்வது? நான் தொண்டையைச் செருமினேன். டீ குடிக்கிறீர்களா என்று கேட்டேன். மழை வரும் போலிருக்கிறது என்றேன். கடைசியில் எஸ்தர்தான் எழுந்து வந்தார். மூட்டையிலிருந்து ஒரு துண்டை எடுத்துக் கார் பானட்டின்மேல் விரித்தார். பக்கத்தில் கலர்த் துணி ஒன்றை விரித்தார். பாட்டில் மூடியில் தண்ணீர் எடுத்து, இரண்டிலும் ஒவ்வொரு சொட்டு விட்டார். கலர்த் துணி சட்டென்று குடித்துவிட்டது. வெள்ளைத் துணியில் சொட்டு அப்படியே உருண்டு நின்றது.

“அக்கா, இது தண்ணிக்கே வழுக்குதுங்க. இதுல தொடச்சுத் தொடச்சுத்தான் பெல்ட்டு வழுக்கிருச்சுங்க” என்றார்.

அக்கா குனிந்து அந்தச் சொட்டை வெகுநேரம் பார்த்தார்.

“அப்படின்னா,” என்றார் நிதானமாக, “என்ற வண்டிய நானே மூட்ட கட்டிக் கொண்டாந்து கெடுத்திருக்கறேன்.”

“இல்லீங்க்கா, நாங்கதான் பாக்காம—”

“இரு தம்பி. மூணு தடவயும் மூட்ட கொண்டாந்தனே?”

“ஆமாங்க்கா.”

“மூணு தடவயும் நீ ‘அக்கா துணி மாதிரி வராது’ன்னு சொன்னயே?”

“சொன்னனுங்க.”

அவ்வளவுதான். அக்கா அந்த மூட்டைமேலேயே உட்கார்ந்துவிட்டார். சிரித்துச் சிரித்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வண்டிக்கடியிலிருந்து ரங்கன் சிரிக்கும் சத்தம் முதலில் கேட்டது, பிறகு தளம் முழுக்கச் சிரித்தது. எஸ்தர் மட்டும் சிரிக்கவில்லை. அவருக்கு அந்த ஐந்து மணிக் கெடு இன்னும் பாக்கி இருந்தது.

புதுப் படிவம் ஒன்று எடுத்தேன். காரணம் என்ற இடத்தில் ‘புல்லியைத் துடைத்த துணியில் இருந்த சாஃப்ட்னர்’ என்று எழுதினேன். பொறுப்பு என்ற இடத்தில், அந்தத் துணியால்தான் துடைக்க வேண்டும் என்று உத்தரவு போட்டவர் ஃபோர்மேன் என்று எழுதி, அடியில் கையெழுத்துப் போட்டேன். மேனேஜர் இரண்டு தடவை படித்தார்.

“துணின்னு எழுதுனா அங்க சிரிப்பான் சார்.”

“சிரிக்கட்டுங்க. இங்க எல்லாரும் சிரிச்சு முடிச்சாச்சு.”

“மறுபடியும் பெல்ட்டு அந்துச்சுன்னா?”

ஒரு மாதம் அவகாசம் கேட்டேன். பெல்ட் நின்றால் எஸ்தருக்கு நிரந்தர உத்தரவு. மறுபடி பிய்ந்தால் அவர் முன்னறைக்கும், நான் ஃபோர்மேன் பதவியை விட்டுப் பழைய மெக்கானிக் வேலைக்கும் போகிறோம் என்றேன். மேனேஜர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு, “ஒங்க இஷ்டம்” என்று ஸ்டாம்ப் வைத்தார்.

அதன்பிறகு நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. சரோஜினி அக்கா தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு ஒர்க்‌ஷாப்புக்குப் போன் செய்ய ஆரம்பித்தார். “தம்பி, இன்னைக்கு பதினேழு சிக்னலு. ஒரு சத்தமில்ல.” மறுநாள், “இன்னைக்கு இருவத்தி ரெண்டு. வேணும்னே ரெண்டு சுத்து சேத்திச் சுத்துனேன்.” எஸ்தரின் மேல் ஊரே பந்தயம் கட்டியது போல் ஆகிவிட்டது. ஆறு மணி ஆனால் ரங்கன் கூட ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுப் போன் பக்கம் வந்து நிற்பான். ஸ்பீக்கரில் போடச் சொல்லித் தகராறு செய்வான்.

ஒன்பதாவது நாளும் தாண்டியது. பத்தாவது நாள் ஆறு மணிக்குப் போன் வரவில்லை. ஆறேகால் ஆயிற்று, ஆறரை ஆயிற்று. நாங்கள் கூப்பிட்டால் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்றது. வீட்டுக்குப் போக வேண்டியவர்கள் யாரும் போகவில்லை. மேனேஜரே தன் அறையிலிருந்து வெளியே வந்து, சும்மா காற்று வாங்க வந்தவர் போல வாசலில் நின்றார். எஸ்தர் கையிலிருந்த கலர்த் துணியால் ஏற்கெனவே துடைத்த ஸ்பேனரையே துடைத்துக்கொண்டிருந்தார்.

“எங்காச்சும் நின்னிருக்குமுங்களா சார்?” என்று கேட்டார்.

இந்தத் தடவை நான் “பார்க்கலாம் கண்ணு” என்று சொல்லவில்லை. “தெரியலீங்க. நின்னிருந்தா ரெண்டு பேரும் சேர்ந்து போயிக் கட்டி இழுத்துட்டு வரலாம்” என்றேன். அவர் முகம் கொஞ்சம் இளகியது.

ஏழு மணிக்கு அந்த வெள்ளை வண்டி வாசலில் திரும்பியது. அக்கா கேட்டுக்கு முன்னால் வேண்டுமென்றே வண்டியை நிறுத்தினார். இன்ஜின் அணைந்தது. நாங்கள் மூச்சை அடக்கி நின்றோம். கிளட்ச்சை மிதித்தார். முனகல் கூட இல்லாமல் இன்ஜின் எழுந்தது.

“மூலனூரு போயிட்டு வாரேன். போன்ல சார்ஜு போயிருச்சு” என்று இறங்கிப் பின்கதவைத் திறந்தார். உள்ளே கட்டுக் கட்டாக முருங்கைக்காய். “இது தொடைக்க ஆவாது. சாம்பாருக்குத்தான் ஆவும். ஆளுக்கு ஒரு கட்டு எடுத்துக்குங்க.”

எஸ்தருக்கு மட்டும் இரண்டு கட்டு கொடுத்தார். எஸ்தர் அந்த இரண்டு கட்டையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன் என்று ரங்கன் இன்றைக்கும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறான். பொய் இல்லை.

மாதம் முடிந்து உத்தரவு வந்தது. எஸ்தர் செய்த முதல் காரியம், சுவரில் இருந்த என் வாசகத்துக்கு அடியில் ஒரு தண்ணீர் பாட்டிலை ஆணியடித்துத் தொங்கவிட்டதுதான். நீங்கள் கேலி செய்யும் பூஜை அன்றைக்குத் தொடங்கியது. அந்த பெல்ட்டும் தன் காலம் முழுதும் உழைத்துத்தான் இறங்கியது.

இப்போது போன வாரத்துக்கு வருகிறேன். நான் எதற்காக வந்தேன் என்று நீங்கள் கேட்கவில்லை, அதனால் தப்பித்தேன். நான் ஓய்வு பெற்ற வருடம் சரோஜினி அக்கா புது வண்டி எடுத்தார். பழைய வெள்ளை வண்டியை நான்தான் வாங்கிக்கொண்டேன். அதைப் பிரிய அவருக்கும் மனமில்லை, எனக்கும் அதை வேறு யாரும் தொடுவதில் இஷ்டமில்லை. பத்து நாளாக அது சிக்னலில் லேசாகக் கீச்சிடுகிறது. எஸ்தரிடம் கொண்டுவந்தேன்.

அவர் பானட்டைத் திறந்து ஒரு நிமிடம் பார்த்தார். “சார், நீங்களா எதுனாச்சும் தொட்டீங்களா?”

“சும்மா உக்காந்திருக்க முடியலீங்க. எல்லாத்தையும் தொடச்சு சுத்தம் பண்ணினேன்.”

“எதுல தொடச்சீங்க?”

டிக்கியில் ஒரு மூலையில் கிடந்த பையை எடுத்துக் கொடுத்தேன். அக்கா வண்டியை விற்றபோதே அதில் இருந்த பை. எஸ்தர் அதற்குள் கையை விட்டு ஒரு துண்டை எடுத்து பானட்டில் விரித்தார். வெள்ளை வெளேரென்று, மெத்தென்று இருந்தது. சுவரில் தொங்கிய பாட்டிலை எடுத்து வந்து ஒரு சொட்டு விட்டார். சொட்டு உருண்டு நின்று என்னைப் பார்த்தது.

நீங்கள் எல்லாரும் அந்தப் பக்கம் வேலையாக இருந்தீர்கள். எஸ்தர் என் மானத்தைக் காப்பாற்ற குரலைத் தாழ்த்திக்கொண்டார். ஜாப் கார்டையும் பேனாவையும் எடுத்தார்.

“காரணம் எழுதோணுமுங்களே சார். யாரு பேரப் போடட்டுங்க?”

“என்ற பேரவே போடு கண்ணு,” என்றேன். “அந்தக் கட்டத்துல முன்னயே எழுதிப் பழகுன பேருதான்.”